வெளிக்கிடுதல்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த இஹ்ஸான், தன் சேட்டுகளை ஒரு பேக்கில் அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தான். காரணம் ஒரே ஒரு சொல். அதைச் சொன்னவர் அவனுடைய மாமி றாஹிலா. அவனிடம் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சல்மா உம்மாவிடம் சொன்னார்.

“மருமகன் எப்பதான் வெளிக்கிடுவாரோ தெரியா. வாய் விட்டுக் கேக்கவும் ஏலாம இரிக்கி.”

யன்னலோரம் நின்று தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தவனுக்கு அது தெளிவாகக் கேட்டது. மிச்சத்தைக் கேட்க அவன் நிற்கவில்லை. கேட்டது போதும் என்று பட்டது.

இந்தக் கடற்கரை ஊர்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். வீடு பெண்ணுக்குரியது. சாய்ந்தமருதில் இருக்கும் இந்த வீட்டை அபுல் ஹஸன் மாமா தன் ஒரே மகள் ஹப்ஸாவுக்காகக் கட்டினார். கலியாணத்தோடு முன்பக்கத்தை மகளுக்கும் மருமகனுக்கும் விட்டுவிட்டு, மாமாவும் மாமியும் பின்பக்கத்து அறைக்கும் குசினிக்கும் ஒதுங்கிக்கொண்டார்கள். போன மாரியில் ஹப்ஸா காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜனாஸாவாகத்தான் திரும்பி வந்தாள். பிள்ளை இல்லை. முன்பக்கத்தில் இஹ்ஸான் மட்டும் மிஞ்சினான், விருந்து முடிந்த பிறகும் கதிரையை விட்டு எழும்பாத விருந்தாளியைப் போல.

அன்றிலிருந்து அவன் அந்த வீட்டில் சத்தம் போட்டதில்லை. கிறீச்சிடாமல் இருக்கக் கதவைத் தூக்கிப் பிடித்து மூடுவான். போன் வந்தால் கிணற்றடிக்குப் போய்க் கதைப்பான். பகல் சாப்பாட்டை வேலை செய்யும் கந்தோருக்குப் பக்கத்துக் கடையில் முடித்துக்கொள்வான். இராச் சோற்றை மாமி குசினியில் மூடி வைத்துவிட்டுப் போனபிறகு தனியாகத் தின்பான். தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடுவான்.

தெருவுக்கு ஓடியதற்குக் காரணம் உண்டு. இஹ்ஸானின் தும்மல் சாதாரணத் தும்மல் அல்ல. முதலில் ஒரு நீண்ட இழுவை. பிறகு ஒரு திணறல். பிறகு வெடி. கலியாணமான புதிதில் முதல் தடவை அது கேட்டபோது, காஸ் சிலிண்டர்தான் போய்விட்டது என்று அபுல் ஹஸன் மாமா குசினிக்கு ஓடினார். ஹப்ஸா சிரித்துச் சிரித்து நிலத்தில் குந்திவிட்டாள். “சம்மாந்துறை மெஷின் ஸ்டார்ட் ஆயிட்டு” என்றாள். இஹ்ஸானின் ஊர் சம்மாந்துறை. திரும்பின பக்கமெல்லாம் வயலும் அரிசி ஆலையும் உழவு மெஷினும். அதற்குப் பிறகு அவன் தும்மினால் வீட்டில் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

இப்போது யாரும் சொல்வதில்லை. மகளைப் பறிகொடுத்தவர்களின் காதில் உயிரோடு இருக்கிறவனின் சத்தம் விழக் கூடாது. அவனிடம் இதை யாரும் சொன்னதில்லை. ஆனாலும் எழுதி ஒட்டியது போல அவனுக்குத் தெரிந்திருந்தது.

பேக்கை அடுக்கியதும் கந்தோரில் கூட வேலை செய்யும் மெல்ரொய்க்கு வட்சப்பில் எழுதினான். வாடகைக்கு ஒரு அறை வேணும், கல்முனைப் பக்கம் இருந்தால் நல்லது.

மெல்ரொய் குரலில் பதில் அனுப்பினான். “எங்கட அக்காட வீட்டு மேல்மாடி சும்மாதான் கிடக்கு மச்சான். நாளைக்குப் பின்னேரம் வா. காத்து நல்லா வரும்.”

சனிக்கிழமை பின்னேரம் இஹ்ஸான் பாண்டிருப்பு எல்லையில் இருந்த அந்த வீட்டுக்குப் போனான். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு மேலே பார்த்தான். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு படிக்கட்டு ஏறியது. ஏறி, வானத்தில் முடிந்தது. மேலே கொங்கிறீட் தட்டில் துருப்பிடித்த கம்பிகள் நின்றன. ஒரு கம்பியில் ஒரு காகம் இருந்தது.

“மேல்மாடி எங்க?” என்று கேட்டான்.

“அது இன்னும் பிறக்கல்ல” என்றபடி ஒரு பெண் வெளியே வந்தார். மெல்ரொய்யின் அக்கா மேர்சியா. “இவன் உங்களிட்ட என்ன சொன்னவன்?”

“காத்து வரும் எண்டு சொன்னன்” என்றான் பின்னால் நின்ற மெல்ரொய். “வரல்லையா?”

மேர்சியா பிரதேச செயலகம் ஒன்றில், மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் கதைக்கும் உளவளத்துணை உத்தியோகத்தர். இஹ்ஸானுக்கு அது தெரியும். அவன் மெல்ரொய்யைத் திரும்பிப் பார்த்தான். மெல்ரொய் காகத்தைப் பார்த்தான்.

“பயப்படாதீங்க தம்பி, சனிக்கிழமையில நான் ஆரையும் திருத்துறதில்ல” என்றார் மேர்சியா. “பிளேன்ரீ ஊத்தி வச்சிருக்கன். குடிச்சிட்டுப் போங்க. ஆனா ஏன் வீடு மாறுறீங்க எண்டு கேப்பன். மேல்மாடி கட்டி முடிஞ்சா ஆளைத் தெரிஞ்சுதானே குடுக்க வேணும்.”

விறாந்தையில் மூவரும் இருந்தார்கள். ஒரு தட்டில் பிஸ்கட் இருந்தது. இஹ்ஸான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்.

“மாமி வெளிக்கிடச் சொல்லிட்டா.”

“உங்களிட்டயா?”

“பக்கத்து வீட்டாக்களிட்ட.”

“சரி. அது நடந்தது.” மேர்சியா ஒரு பிஸ்கட்டை எடுத்து மேசையின் ஒரு கரையில் வைத்தார். “அதைக் கேட்ட பிறகு உங்களுக்கு எப்பிடி இருந்தது?”

“நெஞ்சு அடைச்ச மாதிரி. சோறு இறங்கல்ல.”

“அதுவும் நடந்தது.” இன்னொரு பிஸ்கட்டை மற்றக் கரையில் வைத்தார். “நடுவில என்ன?”

“நடுவில ஒண்டுமில்ல.”

“ஒரு சொல்லு தானாப் போய் நெஞ்சை அடைக்காது. அது என்ன மீன் முள்ளா? நடுவில நீங்க உங்களிட்ட என்னமோ சொல்லியிருக்கிறீங்க. சத்தமில்லாம, கெதியா. அதைத்தான் கேக்கிறன்.”

மெல்ரொய் கையை நீட்டி மற்றக் கரையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துத் தின்றான். “அக்கா, நெஞ்சடைப்பை நான் முடிச்சிட்டன்.”

“நீ உள்ள போ.”

அவன் போகவில்லை. இஹ்ஸான் மேசையின் வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒன்றுமில்லை என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தான். உற்றுப் பார்த்தபோது நிறைய இருந்தது.

“அவங்கட மகள் இல்ல, நான் மட்டும் இருக்கன்” என்றான். “அப்பிடி இருக்கிறவன் அங்க சிரிக்கப்படாது. சத்தம் போடப்படாது. அவங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போனா என்னால தாங்க ஏலாது. அவங்க சொல்ல முதல் நானாப் போயிர வேணும், கட்டாயம்.”

“ஆர் போட்ட சட்டம் இது? மாமியா?”

“இல்ல.”

“மாமாவா?”

“அவர் பேப்பருக்குள்ள இருந்து தலையைத் தூக்கினாத்தானே.”

“உங்கட மார்க்கமா? புருஷன் மவுத்தானா பொம்பிளை இத்தா இருக்கிறது எனக்குத் தெரியும். எங்கட கந்தோரில ஒரு மிஸ் இருந்தவ. நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள்ள. பொண்சாதி மவுத்தானா ஆம்பிளைக்கு எவ்வளவு?”

“ஆம்பிளைக்கு இத்தா இல்ல.”

“அப்ப நீங்க இருக்கிறது என்ன?”

மெல்ரொய்க்குத் தேநீர் மூக்கால் வந்தது. இஹ்ஸான் தலையைக் குனிந்துகொண்டான். வாயின் ஒரு மூலை இழுத்தது. அதை என்ன செய்வதென்று அவனுக்கு மறந்துபோயிருந்தது.

“கவலை வேற” என்றார் மேர்சியா. இப்போது அவர் சிரிக்கவில்லை. “ஹப்ஸாவை நினைச்சு அழுங்க. எவ்வளவு காலமும் அழுங்க, அதில ஒரு பிழையுமில்ல. ஆனா தும்மப்படாது, சிரிக்கப்படாது, எல்லாருக்கும் எப்பவும் என்னைப் பிடிக்கவே வேணும் எண்டு நீங்களே சட்டம் போட்டு, நீங்களே அதுக்குள்ள கிடக்கிறது கவலையில்ல. அது மறியல், சிறை.”

“மாமி உண்மையாப் போகச் சொல்லியிருந்தா?”

“போங்க. கஷ்டமாத்தான் இருக்கும். கஷ்டத்துக்கும் தாங்க ஏலாததுக்கும் நடுவில நிறைய இடம் இருக்கு. சம்மாந்துறையில உங்கட உம்மா வீடு இருக்கு, கையில உத்தியோகம் இருக்கு. ஆனா கேக்காமப் போகாதீங்க.”

“கேக்க ஏலாது அக்கா.”

“ஏலாதா, விருப்பமில்லையா?”

அவன் கோப்பையின் பிடியை மற்றப் பக்கம் திருப்பினான்.

“சரி, கேக்க வேணாம். அடுத்த தும்மலை வீட்டுக்குள்ள நிண்டு தும்முங்க. அவ்வளவுதான். தும்மினா என்ன நடக்கும் எண்டு இப்பவே சொல்லிட்டுப் போங்க.”

இஹ்ஸான் யோசித்தான். “மாமி அழுவா. மாமா எழும்பிப் போவார்.”

“பாப்பம்” என்றார் மேர்சியா.

அவன் வீட்டுக்கு வந்தபோது அஸர் தொழுகை முடிந்திருந்தது. மாமா விறாந்தையில் பேப்பரோடு இருந்தார். இஹ்ஸான் தன் அறைக்குப் போய் பேக்கை வெளியே இழுத்துக் கட்டிலில் வைத்தான். தும்மிப் பார்ப்பது, நினைத்தது நடந்தால் அப்படியே பேக்கை எடுத்துக்கொண்டு போவது. அதுதான் திட்டம்.

தும்மல் வரவில்லை.

மாதக்கணக்காக விரட்டியடித்த தும்மல் கூப்பிட்டபோது வர மறுத்தது. யன்னலால் சூரியனைப் பார்த்தான். கண் கூசியது, அவ்வளவுதான். அலுமாரிக்கு மேலிருந்த தூசியை விரலால் தட்டிவிட்டான். தலையணையை முகத்துக்கு நேரே உதறினான். படித்து உத்தியோகம் பார்க்கும் ஒரு மனிதன் தன் அறைக்குள் தலையணையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பதை யாரும் பார்க்காதது நல்லது.

அந்நேரம் பார்த்து மாமி குசினியில் சம்பலுக்குச் செத்தல் மிளகாய் வறுக்கத் தொடங்கினார்.

நெடி நடைவழியால் வந்தது. மூக்கு அரித்தது. இழுவை தொடங்கியது. பழக்கத்தில் கால்கள் அறை வாசலுக்கு ஓடின. அவன் கை கதவுத் தாழ்ப்பாளில் பட்டுவிட்டது. கட்டாயம் வெளியே போக வேணும் என்று மண்டைக்குள் ஒரு குரல் சொன்னது. ஆர் போட்ட சட்டம் என்று இன்னொரு குரல் கேட்டது. அது மேர்சியாவின் குரல் போலவும் இருந்தது, அவனுடையது போலவும் இருந்தது. கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்தான். திணறல் வந்தது.

வெடித்தது.

மதில்மேல் படுத்திருந்த பூனை குதித்து ஓடியது. குசினியில் கரண்டி விழுந்து உருண்டது. விறாந்தையில் மாமாவின் கதிரை கிறீச்சிட்டது. எழும்பிவிட்டார். சொன்னபடியே நடக்கிறது என்று இஹ்ஸான் நினைத்தான். நெஞ்சு அடைத்தது.

“தும்மினா என்னவோ சொல்றதில்லையா மருமகன்?” என்று மாமாவின் குரல் கேட்டது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றான் இஹ்ஸான்.

“யர்ஹமுகல்லாஹ்.” மாமா தொண்டையைச் செருமினார். “நான் காஸ் சிலிண்டர் எண்டு நினைச்சிட்டன்.”

குசினியிலிருந்து மாமியின் குரல் வந்தது. “சம்மாந்துறை மெஷின்…” அதற்கு மேல் வரவில்லை. அழுகிறார். மாமி அழுவா என்று அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே அழுவார் என்பதுதான் அவன் சொன்னதில் இல்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமி நடையைத் தாண்டி முன்பக்கத்துக்கு வந்தார். ஹப்ஸாவின் ஜனாஸாவுக்குப் பிறகு அவர் அங்கே வந்ததில்லை. மகளின் அறை வாசலில் நின்றார். கட்டிலிலிருந்த பேக்கைக் கண்டார்.

“எங்க பயணம்?”

பொய் சொல்ல நேரமிருந்தது. கந்தோர் விசயமாகக் கொழும்புக்கு என்று சொல்லலாம். இஹ்ஸான் பேக்கின் வாரைப் பிடித்துக்கொண்டான்.

“மாமி, நேத்து சல்மா உம்மாட்ட நீங்க சொன்னது கேட்டிச்சி. எப்பதான் வெளிக்கிடுவாரோ எண்டு. நான் இஞ்ச இரிக்கிறது உங்களுக்குக் கஷ்டமெண்டா நான் போறன். கோபமில்ல. ஆனா உங்கட வாயால கேட்டுட்டுப் போக வேணும்.”

மாமி அவனையும் பேக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எங்க போற?”

“வீட்ட விட்டு.”

“எந்த வீட்ட விட்டு?”

மாமா பேப்பரோடு வாசலுக்கு வந்துவிட்டார். “என்னகா சொன்ன நீ?”

“நான் றாஸிக்ட கலியாணத்துக்கெல்லோ சொன்னன்” என்றார் மாமி.

றாஸிக் மாமாவின் தம்பி மகன். நிந்தவூரில் இருக்கிறான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கலியாணம். இஹ்ஸானுக்கு அது தெரியும். தெரிந்தும் தெரியாதது போல அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தான்.

“அவன் ஒவ்வொரு நாளும் போன் பண்ணுறான்” என்றார் மாமி. “மாப்பிள்ளை வெளிக்கிடக்குள்ள மச்சான்தான் என்ட பக்கத்தில இரிக்க வேணும், கேட்டுச் சொல்லுங்க பெரியம்மா எண்டு. நான் எப்பிடிக் கேக்கிற? பொண்ணு வீடும் சம்மாந்துறை. நீங்க மாப்பிள்ளையா வந்த அதே ரோட்டு. கேட்டா மருமகன் உடைஞ்சு போவார், பிறகு இந்த வீட்டில இரிக்கவே மாட்டார் எண்டு நினைச்சன். அதால சல்மாட்ட சொல்லி அழுதன். எப்பதான் உடுத்து வெளிக்கிட்டு நாலு மனிசரோட மனிசரா வெளிய போவாரோ எண்டு.”

இஹ்ஸான் கட்டிலில் உட்கார்ந்தான். வெளிக்கிடுவது. குளித்து, உடுத்து, புறப்படுவது. காலையில் கந்தோருக்கு, பின்னேரம் கடைக்கு, பெருநாளைக்குப் பள்ளிக்கு. எத்தனை ஆயிரம் தடவை கேட்ட சொல். ஒரு தடவை மட்டும் அதைத் துரத்துகிற சொல்லாகக் கேட்டிருக்கிறான்.

“வீட்ட விட்டுப் போற மருமகனை ‘வெளிக்கிடுறார்’ எண்டு ஆரும் சொல்லுவாங்களா?” என்றார் மாமா. “‘இறங்கிப் போறார்’ எண்டுதான் சொல்ற.”

“நீங்க பேசாம இரிங்க” என்றார் மாமி.

“ஏன் பேசாம இரிக்கணும்? இவ்வளவு நாளும் பேசாமத்தானே இரிந்த. மருமகனுக்கு ரீவி சத்தம் ஏலாதெண்டு மாட்ச் பாக்க உட்டியா என்னைய? ஒரு வேர்ல்ட் கப்பே போயிட்டு.”

“எனக்கு ரீவி சத்தம் ஏலாதெண்டு ஆர் மாமா சொன்ன?” என்றான் இஹ்ஸான்.

மாமா மாமியைப் பார்த்தார். மாமி யன்னலைப் பார்த்தார்.

“ஒருத்தரும் சொல்லல்ல” என்றார் மாமி. “நானா நினைச்ச. இறாலும் ஆக்கல்ல. அது ஹப்ஸாவுக்கு விருப்பமான ஆணம், கண்டா உங்களுக்கு நோகும் எண்டு. முன்பக்கத்துக்கு வாறதுமில்ல. கால் சத்தம் கேட்டா உங்களுக்கு அவட ஞாபகம் வருமெண்டு மெல்ல மெல்லத்தான் நடக்கிற.”

ஒரே வீட்டில் மூன்று பேர் ஒருவருக்குப் பயந்து ஒருவர் பூனை நடை நடந்திருக்கிறார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. மேசையின் நடுவில் இருந்த வெறும் இடம் இஹ்ஸானுக்கு ஞாபகம் வந்தது. ஆளுக்கொரு சட்டத்தை அங்கே வைத்திருந்தார்கள்.

“மாமி, ஆம்பிளைக்கு இத்தா எவ்வளவு நாள்?”

“என்ன கேள்வி இது? ஆம்பிளைக்கு எங்க இத்தா?”

“அதைத்தான் இண்டைக்கு ஒருத்தங்க என்னட்டக் கேட்டாங்க.”

மாமாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் பேப்பரால் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “அப்ப ரீவியும் இத்தாதான் இரிந்திரிக்கி” என்றார். இஹ்ஸானும் சிரித்தான். பல மாதம் ஓடாத மெஷினைப் போல முதலில் கரகரத்தது. பிறகு ஓடியது. சிரித்து முடிந்த இடத்தில் ஹப்ஸா இல்லாதது அப்படியே இருந்தது. அது போகவில்லை. அது போக வேணும் என்று அவனும் கேட்கவில்லை.

குசினியிலிருந்து கருகல் மணம் வந்தது. “யா அல்லாஹ், மிளகாய்” என்று மாமி ஓடினார். இந்தமுறை கால் சத்தம் நன்றாகக் கேட்டது.

சம்பல் இல்லாமல்தான் அன்று இராச் சோறு. மூவரும் ஒன்றாக இருந்து தின்றார்கள். தின்று கொண்டிருக்கும்போதே மாமி றாஸிக்குக்குப் போன் எடுத்து, மச்சான் வாறார் என்றார். போனை இஹ்ஸானிடம் நீட்டினார்.

“மச்சான், எனக்குப் பயமா இரிக்கி” என்றான் றாஸிக். “அங்க போய் முதல் நாள் எப்பிடி இரிக்கிற? கட்டாயம் என்னென்ன செய்ய வேணும்?”

“கட்டாயமா ஒண்டுமில்ல” என்றான் இஹ்ஸான். “தும்மல் வந்தா நல்லா சத்தமாத் தும்மு. அதோட எல்லாருக்கும் உன்னைத் தெரிஞ்சிரும்.”

பிறகு மெல்ரொய்க்கு எழுதினான். அறை வேணாம்.

உடனே பதில் வந்தது. “அப்ப மேல்மாடியைக் காகத்துக்கே குடுக்கட்டா? அது முதல்லேயே கேட்டது.”

ஞாயிற்றுக்கிழமை காலை பேக்கைத் திறந்தபோது சேட்டுகள் எல்லாம் கசங்கிக் கிடந்தன. மாமி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, “வீட்ட விட்டுப் போறாராம், மடிக்கவும் தெரியல்ல” என்று சொல்லிக்கொண்டு வெள்ளைச் சேட்டை அயன் பண்ணினார். மற்றதையெல்லாம் அலுமாரியில் தொங்கவிட்டார். ஹப்ஸாவின் உடுப்புகள் இருந்த பக்கத்தில் அவர் கை கொஞ்சம் நின்றது. பிறகு அதைத் தாண்டிப் போனது.

இஹ்ஸான் உடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றான். இன்றைக்கு நீ சிரித்தால் ஊர் என்ன சொல்லும் என்று பழைய குரல் வந்தது. அது ஒரே நாளில் வீட்டை விட்டுப் போகிற ஆள் இல்லை. சிலர் ஏதாவது சொல்லலாம், சொல்லட்டும் என்று அவன் பதில் சொன்னான். தலையைச் சீவினான்.

வாசலில் வாகனம் ஹோர்ன் அடித்தது. மாப்பிள்ளையைக் கூட்டிப்போகும் ஆண்கள் முதலில் போவது, மாமாவும் பெண்களும் பின்னேரம் போவது என்று ஏற்பாடு. மாமி அத்தர்ச் சீசாவோடு ஓடி வந்து அவன் சேட்டில் தடவினார். தேவைக்கு மேலே தடவிவிட்டார். இழுவை தொடங்கியது. மாமி இரண்டடி பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டார்.

ஒழுங்கை முழுக்கக் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சல்மா உம்மாவின் குரல் வந்தது. “என்னகா றாஹிலா, மெஷின் ஸ்டார்ட் ஆயிட்டா?”

“ஓம், ஓம். வெளிக்கிட்டுட்டார்” என்றார் மாமி.

உள்ளே மாமா ரீவியைப் போட்டுவிட்டார். சத்தம் தெருவரைக்கும் வந்தது.

“பொயித்து வாறன் மாமி.”

“எப்ப வருவீங்க?”

இந்தக் கேள்வியைப் பிழையாகக் காதில் வாங்க வழியே இல்லை.

“சோத்துக்கு வந்திருவன்” என்றான் இஹ்ஸான்.

கலியாணச் சாப்பாட்டுக்குப் போகிறவன் வீட்டுச் சோற்றுக்கு வருவதாகச் சொன்னது பிழைதான். மாமி அதைத் திருத்தவில்லை. இறால் வாங்கச் சந்தைக்கு ஆள் அனுப்ப வேணும் என்று சொல்லிக்கொண்டு குசினிக்குப் போனார்.